ராக் டம்ளர்: சில வருடம் ஓட்டிய பிறகு

ராக் டம்ளர் என்பது கரடான கல்லைப் பொடியோடும் தண்ணீரோடும் ஒரு உருளைக்குள் போட்டு, வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றி வழவழப்பாக்கி மினுக்குகிற மெஷின். அதை வாங்கினவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். நாலு கட்டமும் முடிந்தது, கல் வழவழவென்று இருக்கிறது, ஆனால் கடையில் விற்கிற கல் மாதிரி மினுங்கவே இல்லை, எந்த பாலிஷ் பவுடர் நல்லது என்று கேட்பார்கள். பவுடரில் பெரிதாக ஒன்றும் இல்லை. மினுங்காத கல்லுக்குப் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தலையெழுத்து எழுதியாகிவிடுகிறது.

என்னிடம் இருப்பது மூன்று பவுண்டு ரப்பர் உருளை வைத்த சின்ன மெஷின். கல், தண்ணீர், பொடி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். பிளாஸ்டிக் உருளை வைத்தது விலை குறைவு, ஆனால் ராத்திரி பகல் என்று வாரக்கணக்கில் ஓட வேண்டிய சாமான் இது, அந்தச் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் சண்டைக்கே வந்துவிடுவார்கள். ரப்பர் என்றால் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கலாம்.

பொடிகளின் வழக்கமான வரிசை இதுதான் (எண் கூடக் கூடப் பொடி நைசாகும்): 60/90 சிலிக்கன் கார்பைடு, அப்புறம் 120/220, அப்புறம் 500, கடைசியில் அலுமினியம் ஆக்ஸைடு பாலிஷ். மெஷினோடு வரும் தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் என்று போட்டிருக்கும். பின் மூன்றுக்கும் அது சரி. முதல் கட்டத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஏனென்றால் ஒரு வாரத்தில் தேய்ந்து தீர்ந்துபோவது பொடிதான், கல்லின் வேலை முடிந்திருக்காது. கரடுமுரடான பொடி உடைந்து உடைந்து மாவாகி, உள்ளே இருக்கிற சேறு தோசை மாவுப் பதத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் அது எதையும் வெட்டாது. திறந்து, கழுவி, ஒவ்வொரு கல்லையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி, மயிரிழை மாதிரி ஒரு விரிசல், ஓரத்தில் இன்னும் சொரசொரவென்று ஒரு இடம், இதில் எது இருந்தாலும் அந்தக் கல் புதுப் பொடியோடு மறுபடி முதல் கட்டத்துக்கே போக வேண்டியதுதான். சில அகேட் கல் ஒரு மாதம்கூட அங்கேயே கிடக்கும், கிடக்கட்டும். தேறினதை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, ஒரு உருளைக்கு ஆகிற அளவு சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறேன். கல் நிறையச் சிறுத்துப்போகும், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

குழியை ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்றால், அது அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. 60 நம்பர் பொடித் துகள் ஒன்று அந்தக் குழிக்குள் ஒளிந்துகொண்டு பாலிஷ் கட்டம் வரை கூடவே வரும். அங்கே வெளியே விழுந்தால் போதும், உருளையில் இருக்கிற மொத்தக் கல்லின் முகத்திலும் கோடு போட்டுவிடும். அதனால் கட்டத்துக்குக் கட்டம் பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்து ஒவ்வொரு கல்லாகத் தேய்க்கிறேன், உருளையின் மூடி உட்காரும் வரம்பையும் விடுவதில்லை, பொடி அதிகம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். பாலிஷுக்குத் தனி உருளை. இந்த வேலையில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அந்த இரண்டாவது உருளைதான்.

எந்தக் கல் போடுவது என்பது அடுத்தது. அகேட், ஜாஸ்பர், வெங்கச்சங்கல் எல்லாம் குவார்ட்ஸ் இனம், கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் 7 அல்லது அதை ஒட்டி இருக்கும், ஒன்றாக ஓட்டலாம். காங்கேயம் பக்கத்து நிலாக்கல் ஃபெல்ட்ஸ்பார், 6 சொச்சம்தான், அதோடு அடுக்கடுக்காகப் பிளக்கும் குணம் வேறு, அதைக் குவார்ட்ஸோடு சேர்த்தால் பாவம் அதுதான் அடி வாங்கும். பளிங்குக் கல் 3, பேச்சே வேண்டாம். அக்கா பையன் வீடு கட்ட இறக்கியிருந்த ஜல்லியை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தான். கருங்கல்லில் மைக்கா உதிர்ந்துவிடும், ஃபெல்ட்ஸ்பார் ஒரு வேகத்தில் தேயும், குவார்ட்ஸ் ஒரு வேகத்தில் தேயும், மேலே அம்மைத் தழும்புதான் மிச்சம். ஆசைப்பட்டான், ஓட்டிக் கொடுத்தேன்.

நான் அதிகம் போடுவது குஜராத்திலிருந்து வரும் அகேட் துண்டுகள். காம்பத் ஊரில் இந்தத் தொழில் காலங்காலமாக நடக்கிறது. மோட்டார் வருவதற்கு முன்னால் மணிகளை, தேய்க்கிற பொடியும் தண்ணீரும் சேர்த்துத் தோல்பையில் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாள் கணக்கில் இப்படியும் அப்படியும் உருட்டுவார்களாம். நம் நொய்யல் கரைக் கொடுமணலில்கூட அகழாய்வில் பாதி செய்த மணிகள் கிடைத்திருக்கின்றன. வேலை அன்றைக்கும் பொறுமை கேட்டிருக்கும்.

நிரப்புகிற அளவையும் சொல்லிவிடுகிறேன். கல் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் வரை, தண்ணீர் மேல் வரிசைக் கல்லுக்குச் சற்றுக் கீழே, முதல் கட்டப் பொடி நாலு மேசைக்கரண்டி. ஒரே அளவுக் கல்லாகப் போடாமல் பெரிதும் சிறிதும் கலக்க வேண்டும், பற்றாததற்குச் சின்னச் சின்ன செராமிக் துண்டுகள் போட்டு இட்டு நிரப்பலாம். காது கொடுத்துக் கேளுங்கள், கல் சரிகிற சத்தம் சீராக வந்தால் சரி. டக் டக் என்று மோதினால் உள்ளே இடம் அதிகம், கல் விளிம்பு சில்லுச் சில்லாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மினுக்கு வந்ததா என்று ஈரத்தில் பார்க்காதீர்கள், ஈரத்தில் ஜல்லிகூட மினுங்கும். துடைத்து, நன்றாகக் காயவைத்து, டியூப்லைட்டுக்குக் கீழே பிடியுங்கள். கல்லின் வளைவில் டியூப்லைட் மெல்லிய வெள்ளைக் கோடாக, இரண்டு ஓரமும் வெட்டினாற்போல் தெரிந்தால் பாலிஷ் ஏறிவிட்டது. கோடு பால் ஊற்றியதுபோல் பரவித் தெரிந்தால் 500 கட்டம் சரியாக முடியவில்லை, இன்னும் கொஞ்சம் பாலிஷ் பவுடரைக் கொட்டிப் பிரயோஜனம் இல்லை, பின்னால்தான் போக வேண்டும். பாலிஷ் முடிந்த கல்லில் லேசாக வெள்ளைப் படலம் இருந்தால் அது மட்டும் பயப்படுகிற விஷயமில்லை. நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் வாங்கி, அதில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டு, சீவின சோப்பும் கொஞ்சம் சேர்த்து, பாலிஷ் உருளையில் சில மணி நேரம் ஓட்டினால் போய்விடும்.

கழிவுச் சேற்றைத் தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். பக்கெட்டில் ஊற்றித் தெளியவிட்டு, அடியில் தங்கினதைக் குப்பையில் போடுங்கள். காய்ந்தபின் தூசியாகப் பறக்கவிடக் கூடாது, சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மெஷினைப் பற்றிக் குறை என்றால் பெல்ட்தான். வெயில் காலத்தில் நீண்டுபோய் வழுக்க ஆரம்பிக்கும், கல் சுற்றாமல் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், காலையில் ஒருதரம் எட்டிப் பார்க்காவிட்டால் தெரியாது. தண்டு சுற்றும் இடத்தில் அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய், அதுவும் பெல்ட்டில் படாமல். கரண்ட் நெடுநேரம் போய் வந்தால் அடியில் படிந்த பொடி கட்டியாகியிருக்கும், உருளையை எடுத்துக் கையால் நாலு குலுக்குக் குலுக்கிவிட்டு வைக்கிறேன். மூடி உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, மெதுவாகத் திறந்து விட்டுவிட்டு மறுபடி மூடலாம். வாங்குகிற அன்றைக்கே பெல்ட் இரண்டு உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு அந்த அளவு இங்கே எளிதில் கிடைப்பதில்லை.