பிரைவேட் கீயை மாற்றித் தருகிறோம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்

சர்வர் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம் எனக்குச் செய்ததை எழுதுகிறேன். பட்டி (PuTTY) என்ற மென்பொருள் வழியாகச் சர்வரில் லாகின் செய்பவர்கள் அவசியம் படியுங்கள்.

லாகின் செய்ய அவர்கள் கொடுத்த பிரைவேட் கீ (ரகசியச் சாவி) ஃபைலைப் பட்டியில் போட்டதும், அதைப் பயன்படுத்த முடியாது என்று செய்தி வந்தது. ஓப்பன் எஸ்எஸ்எச் (சர்வரில் லாகின் செய்ய உதவும் இன்னொரு மென்பொருள்) வகை என்ற குறிப்பும் கூடவே இருந்தது. சப்போர்ட்டில் டிக்கெட் போட்டேன். "பிரைவேட் கீயை மெயிலில் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்" என்று பதில். முடியாது என்றேன். அப்படியென்றால் தனிக் கட்டணம் ஆகும் என்றார்கள். வேலை நின்றுகிடந்ததால் கட்டினேன்.

என் ஃபைலின் வகை பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களே புதிதாக ஒரு ஜோடி கீ உருவாக்கி, அதில் பூட்டு போன்ற பப்ளிக் கீயை என் சர்வரில் ஏற்றிவிட்டு, பிரைவேட் கீயைப் அதைக் காக்கும் கடவுச்சொல்லான பாஸ்ஃப்ரேஸ்கூட இல்லாமல் மெயிலில் அனுப்பினார்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக, எந்தெந்தக் கீக்கு அனுமதி என்று சர்வர் குறித்துவைக்கும் ஆதரைஸ்டு கீஸ் ஃபைலைத் திறந்து பார்த்தேன். என் வரிக்குக் கீழே இன்னொரு வரி. அதன் கடைசியில் யாரோ ஓர் ஊழியரின் யூசர் பெயரும் கணினிப் பெயரும். என் சர்வருக்கான சாவி முன்பின் தெரியாத ஒருவர் கணினியில் உருவாகியிருக்கிறது! நகல் அங்கே இருக்கிறதா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

இத்தனைக்கும் ஃபைலின் வகையை மாற்றுவது காசு கேட்கிற வேலையே இல்லை. பட்டியோடு வரும் பட்டிஜென்னைத் திறந்து, கன்வெர்ஷன்ஸ் மெனுவில் இம்போர்ட் கீ கொடுத்து, உங்கள் ஃபைலைக் காட்டி, சேவ் பிரைவேட் கீ அழுத்தினால் பட்டி படிக்கும் பிபிகே ஃபைல் தயார். சாவி அதேதான், உறை மட்டும்தான் வேறு. அதனால் சர்வரில் எதையும் தொட வேண்டியதில்லை.

எந்த வகை என்று தெரியாவிட்டால் நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். 'பிகின் ஓப்பன் எஸ்எஸ்எச் பிரைவேட் கீ' என்றால் புதிய வகை. 2018இல் வந்த ஓப்பன் எஸ்எஸ்எச் 7.8 முதல் இதுதான் வழக்கம். 'பிகின் ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ' என்றால் பழைய பெம் வகை. 'பட்டி யூசர் கீ ஃபைல்' என்று தொடங்கினால் அது பிபிகே. பக்கத்தில் இருக்கும் எண்ணையும் கவனியுங்கள். 2021இல் வந்த பட்டி 0.75 முதல் அந்த எண் 3. பழைய மென்பொருள்கள் இதைப் படிக்காது. பட்டிஜென்னிலேயே சேமிக்கும்போது 2 என்று மாற்றிக்கொள்ளலாம்.

'சர்வர் ரெஃப்யூஸ்டு அவர் கீ' என்று வந்தால் சமாச்சாரம் வேறு. ஃபைலைப் பட்டி படித்துவிட்டது, சர்வர்தான் ஏற்கவில்லை. யூசர் பெயர், அங்கே இருக்கும் பப்ளிக் கீ, ஃபோல்டர் பெர்மிஷன் இவற்றைப் பாருங்கள். இதற்குப் போய் ஃபைலை மாற்றித் தருகிறேன் என்பவருக்கு விஷயமே தெரியவில்லை.

இலவசமாக மாற்றித் தரும் இணையதளங்களும் இதே ஆபத்துதான். ஏற்கெனவே எங்காவது கொடுத்துவிட்டீர்களா? புதிய ஜோடியை உங்கள் கணினியிலேயே உருவாக்கி, அதில் லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகு பழைய வரியைச் சர்வரிலிருந்து நீக்குங்கள். அவர்கள் சேர்த்த வரியை அன்றே நீக்கிவிட்டேன். கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.