மூட்டுவலியோடு மாடித்தோட்டம்: தரையில் பையா, ஸ்டாண்டில் டிரம்மா?

முடக்குவாதம் உள்ளவர்கள் பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். இரண்டையும் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

செலவு: செடி வளர்க்கும் பை (க்ரோ பேக்) மலிவு, நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 200 லிட்டர் டிரம்மை நீளவாக்கில் பிளந்து, இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினால் ஆயிரங்களில் போகும். ரசாயனம் இருந்த டிரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

உழைப்பு: பை வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் நைந்துவிடும், மண்ணைக் கொட்டி மாற்றும் நாள் முதுகுக்குத் தண்டனை. டிரம் பல வருடம் தாங்கும். ஆனால் ஈர மண்ணோடு நல்ல கனம், சுவரோரமாகப் பீம் மேல் வையுங்கள். தென்னை நார்க்கழிவு கலந்தால் எடை குறையும்.

உடம்பு: வித்தியாசமே இங்கேதான். காலையில் விரல் மடங்காத நாட்களில் பைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் எழ முடியாது. டிரம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடியே சிறுகீரையைக் கிள்ளலாம், விதைத்த இருபத்தைந்தாம் நாளே. களையும் கண்ணெதிரே தெரியும்.

ஆனால் டிரம்மில் வெண்டை, தக்காளி வைத்தால் தலைக்கு மேல் போகும். தோள் வலிக்காரர்கள் கையைத் தூக்கிப் பறிக்க வேண்டும். அவற்றுக்குப் பையே சரி.

முழங்கால், இடுப்பு வலியா? கீரை, கொத்தமல்லிக்கு ஒரே ஒரு டிரம் போதும். தோள் மட்டும்தான் வலிக்கிறது என்றால் இரண்டு செங்கல் மேல் பை. மெத்தோட்ரெக்ஸேட் போல நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மூட்டுவாத மாத்திரை எடுப்பவர்கள், எதுவானாலும் கையுறையும் முகக்கவசமும் போட்டே உரத்தைக் கிளறுங்கள்.