ஹனோயிலிருந்து ஒரு பகல்: நறுமணக் கோயிலா, நின் பின் படகுத்துறைகளா?

ஹனோய்க்குச் சுற்றுலா செல்பவர் கையில் ஒரே ஒரு பகல் இருந்து, அந்தப் பகலுக்குள் துடுப்புப் படகில் ஏறி, மலைக்குள் இருக்கும் பௌத்தத் தலமொன்றை வழிபட்டு, இரவு விடுதிக்குத் திரும்பிவிட வேண்டுமென்றால், அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, நகரின் தென்மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஹுவோங் சோன் மலைகளுக்கிடையே அமைந்த நறுமணக் கோயில். வியட்நாமியர் இதைச் சுவா ஹுவோங் என்பர். இரண்டாவது, தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நின் பின் வட்டாரத்தின் தாம் கோக் படகுப் பயணமும், அதையொட்டிய பிக் டோங் குகைக்கோயிலும். மூன்றாவது, அதே வட்டாரத்தில் உள்ள டிராங் ஆன் நீர்க்குகைகளும் பாய் டின் பெருங்கோயிலும்.

பயண முகவர்களின் பட்டியலில் இம்மூன்றும் சுண்ணாம்புக்கல் மலை, பச்சை நீர், கூம்புத் தொப்பி அணிந்த படகோட்டி என ஒரே மாதிரிப் படங்களோடு அடுத்தடுத்து இடம்பெறுவதால், எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. அப்படி எண்ணி ஏறுபவர்களில் பலர் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். நறுமணக் கோயிலில் படகுதான் கோயிலுக்குச் செல்லும் பாதை. நின் பின்னில் படகுப் பயணம் தனி, கோயில் தரிசனம் தனி. இரண்டுக்கும் நடுவே ஒரு சைக்கிளோ காரோ தேவைப்படுகிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லா வேறுபாடுகளும் கிளைக்கின்றன என்பது என் கருத்து.

படகிலிருந்தே தொடங்கலாம். நறுமணக் கோயிலுக்கான துறையில் காத்திருப்பவை தட்டையான அடியுடைய நீண்ட உலோகப் படகுகள். கூரை கிடையாது, உட்காருவதற்குத் தாழ்வான குறுக்குப் பலகைகள் உண்டு, முழங்காலை மடக்கி உட்கார முடியாதவர்களுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடும். துடுப்புப் போடுபவர்கள் பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்கள். யேன் ஓடை வழியே கோயிலடித் துறை வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். புறப்பட்ட சற்று நேரத்திலேயே வழிபாட்டுக்கு வந்தவர்களின் படகுகள் ஒரு சிறு கோயிலருகே ஒதுங்குகின்றன. மலைக்காவல் தெய்வத்திடம் தம் வருகையைத் தெரிவித்து, உள்ளே செல்ல இசைவு பெறும் இடம் அது. அங்கே இறங்கி ஊதுவத்தி ஏற்றிவிட்டுத்தான் உள்ளூர்க் குடும்பங்கள் மேலே செல்கின்றன; சுற்றுலாக் குழுக்களோ பல நேரங்களில் நிற்காமலே கடந்துவிடுகின்றன. பத்து நிமிடம் கூடுதலானாலும் அங்கே நிறுத்தச் சொல்வது நல்லது.

ஓடையின் இருபுறமும் உள்ள குன்றுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. யானைக் கூட்டம் முழுவதும் புத்தரின் தலத்தை நோக்கி நிற்க, ஒரு யானை மட்டும் முதுகைக் காட்டி நின்றதால் வெட்டுப்பட்டது என்று ஒரு குன்றைக் காட்டிச் சொல்வார்கள். அதன் ஒரு பக்கம் செங்குத்தாகச் செதுக்கப்பட்டதுபோல் இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் துடுப்பு நீரில் விழும் ஓசையைத் தவிர இயந்திர ஒலி இல்லை. எதிரே திரும்பி வரும் படகில் இருப்பவர்கள் அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லியே முகமன் கூறுகிறார்கள். நாமும் அதையே திருப்பிச் சொல்வது அங்குள்ள வழக்கம்.

தாம் கோக்கில் படகு ஙோ டோங் ஆற்றில், நெல்வயல்களுக்கு நடுவே ஊர்ந்து, 127 மீட்டர், ஏறத்தாழ 60 மீட்டர், ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள மூன்று குகைகளைக் கடந்து, போன வழியே திரும்பி வருகிறது. படகோட்டிகள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, உள்ளங்காலால் துடுப்பின் கைப்பிடியை உந்தித் தள்ளும் முறை இங்கே புகழ்பெற்றது. ஒரு பாதம் மேலே வரும்போது மறுபாதம் கீழே போக, கைகள் இரண்டும் மடியில் ஓய்வாகக் கிடக்கும். மணிக்கணக்கில் ஓட்டுபவருக்குத் தோள்வலி வராமல் காக்கும் உத்தி இது. மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் நெல் முற்றிப் பொன்னிறமாகும்போது இந்த ஆற்றுக்கு ஈடு இணை இல்லை. அறுவடை முடிந்த பிறகு அதே வயல்கள் வெறும் சேறும் தண்ணீருமாகக் கிடக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படகு திரும்பும் இடத்தில் பானம், சிற்றுண்டி, பின்னல் துணி விற்பவர்கள் சூழ்ந்துகொள்வது குறித்த மனக்குறை பயணிகளிடையே நெடுங்காலமாக உண்டு.

படகுப் பயணம் என்ற அளவில் மட்டும் பார்த்தால் மூன்றிலும் டிராங் ஆன்தான் சிறந்தது. ஒரு படகுக்கு வழக்கமாக நான்கு பேர். ஏறத்தாழ மூன்று மணி நேரம். தேர்ந்தெடுக்க மூன்று தடங்கள். போன வழியே திரும்பாமல் குகைகளுக்குள் புகுந்து வெளிவந்து வட்டமாகச் சுற்றித் துறைக்கு வருகிறது. சில குகைகளில் கூரை அவ்வளவு தாழ்ந்து வருவதால், முன்னால் இருப்பவர் தலையை முழங்கால் வரை குனிந்துகொள்ள வேண்டியிருக்கும். சுண்ணாம்பு நீர் சில்லென்று பிடரியில் சொட்டும். தாம் கோக்கையும் பழைய தலைநகர் ஹுவா லூவையும் உள்ளடக்கிய டிராங் ஆன் நிலப்பரப்பை யுனெஸ்கோ 2014இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இங்குள்ள குகைகளில் 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனித வாழ்வின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் யாத்திரை நோக்கில் வருபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படகுத்தடத்தில் இறங்கிப் பார்க்கும் சிறு கோயில்கள் பெரும்பாலும் டின், ட்ரான் அரச மரபுகளோடு தொடர்புடைய வீரர்களுக்கும் மன்னர்களுக்கும் உரியவை. அவற்றின் வரலாறு சிறப்பானதுதான் என்றாலும், அதைப் புத்தர் வழிபாடு என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

இனிக் கோயில்கள். பாய் டின்னின் புதிய வளாகம் 2003 முதல் எழுப்பப்பட்டது. 100 டன் எடையுள்ள வெண்கலப் புத்தர், 36 டன் மணி, நீண்ட நடைமண்டபங்களில் வரிசையாக அமர்ந்த, புத்தரின் சீடர்களான 500 அருகர்களின் கற்சிலைகள் என்று எல்லாமே பெரும் அளவில் உள்ளன. கடந்துபோகும் கைகள் தொட்டுத் தொட்டு அந்த அருகர்களின் முழங்கால்கள் மட்டும் கறுத்து மெருகேறியிருப்பதைப் பார்க்கும்போது, புதுக்கோயிலிலும் பக்தி விரைவாகவே குடியேறிவிடும் என்பது தெரிகிறது. 2014இல் ஐக்கிய நாடுகளின் வேசாக் விழா நடைபெற்ற இடமும் இதுவே. ஆயினும் பலர் அறியாமல் விட்டுவிடுவது, அருகிலுள்ள குன்றின்மேல் இருக்கும் பழைய பாய் டின் குகைக்கோயிலை. லீ மன்னர் காலத்துத் துறவி ஙுயென் மின் கோங் 12ஆம் நூற்றாண்டில் நிறுவியதாகச் சொல்லப்படும் அந்தச் சிறு தலத்துக்கு ஏறாமல் திரும்புவது, என்னைப் பொறுத்தவரை பாய் டின்னைப் பாதி பார்த்ததற்குச் சமம்.

பிக் டோங் அளவில் மிகச் சிறியது. தாமரைக் குளத்தைக் கடந்து கற்பாலத்தில் ஏறினால், மலைச்சரிவில் கீழ்க்கோயில், நடுக்கோயில், மேற்கோயில் என்று மூன்று அடுக்குகள். நடுக்கோயிலின் பாதி பாறைக்குள் இருக்கிறது. கூட்டமில்லாத காலையில் இங்கே கிடைக்கும் அமைதி பாய் டின்னில் கிடைக்காது. ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம் என்பதே இதன் நிறையும் குறையும்.

நறுமணக் கோயிலோ ஒற்றைக் கோயில் அன்று. மலையெங்கும் பரவிய கோயில்களின் தொகுதி. படகிலிருந்து இறங்கியதும் வருவது தியென் ட்ரூ. பிரெஞ்சுக்காரருக்கு எதிரான போர்க்காலத்தில் அழிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்ட கோயில் இது. அங்கிருந்து மலைப்பாதையில் ஏறி, உச்சிக்கு அருகே, நூற்றுக்கும் மேற்பட்ட கற்படிகளில் கீழே இறங்கினால் ஹுவோங் டிக் குகை வாய் பிளந்து நிற்கும். ‘தென்திசை வானின்கீழ் முதற்குகை’ என்று பொருள்படும் சீன எழுத்துகளை 1770இல் ட்ரின் சாம் என்ற ஆட்சியாளர் இதன் வாயிலில் பொறிக்கச் செய்தார். பிக் டோங்குக்கு ‘இரண்டாம் குகை’ என்ற பட்டம் உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். உள்ளே 1793இல், டாய் சோன் ஆட்சிக் காலத்தில் பச்சைக் கல்லில் வடிக்கப்பட்ட, கருணையின் வடிவான குவான் ஆம் சிலை இருக்கிறது. மணம் செய்துகொள்ள மறுத்துத் துறவு பூண்டு, தன்னைக் கொடுமைப்படுத்திய தந்தையின் நோய் தீரத் தன் கண்களையும் கைகளையும் ஈந்த இளவரசி ஸியூ தியென் இந்தக் குகையில்தான் தவமிருந்து குவான் ஆம் ஆனாள் என்பது வியட்நாமியரின் நம்பிக்கை. இந்தக் குவான் ஆம் நம் பழைய பௌத்தம் அறிந்த அவலோகிதேசுவரரே. அவர் உறையும் பொதலகம் தமிழகத்துப் பொதியமலைதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உள்ளனர் என்பதால், தமிழ் வாசகருக்கு இந்தக் குகை முற்றிலும் அந்நியமானது அன்று.

குகைக்குள் நெற்குவியல், பொன்மரம், வெள்ளிமரம், பட்டுப்புழுத் தட்டு, தாயின் மார்பு என்றெல்லாம் பெயர் பெற்ற சுண்ணாம்புப் பாறைகள் நிற்கின்றன. ஆண் குழந்தை வேண்டுபவர்கள் ஒன்றையும், பெண் குழந்தை வேண்டுபவர்கள் இன்னொன்றையும் தடவி வேண்டிக்கொள்கிறார்கள். மேலிருந்து சொட்டும் நீரை உள்ளங்கையில் ஏந்துவதற்காகக் கழுத்தை நிமிர்த்திக் காத்திருக்கும் பாட்டிமார்களின் பொறுமையை நான் வேறெந்தச் சுற்றுலாத் தலத்திலும் கண்டதில்லை. நெல், பட்டு, பிள்ளைச் செல்வம் என்று உழவர் குடும்பத்தின் தேவைகள் எல்லாம் பாறைகளின் பெயர்களிலேயே இருக்கின்றன. நின் பின்னின் அழகு இதைவிட மேலானது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். வழிபாட்டின் உயிர்ப்பு என்று வந்தால் நறுமணக் கோயிலின் பக்கமே நிற்பேன்.

அந்த உயிர்ப்புக்கு விலையும் உண்டு. சந்திர நாட்காட்டியின் முதல் மாதம் 6ஆம் நாள் தொடங்கி மூன்றாம் மாத இறுதிவரை, அதாவது பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் அல்லது மே வரை இங்கே திருவிழா. விடுமுறை நாள்களில் ஓடையே படகுகளால் அடைபடும். ரோப் கார் வரிசை மணிக்கணக்கில் நீளும். மலைப்பாதையின் இருபுறமும் தார்ப்பாய் போட்ட கடைகள் ஒலிபெருக்கியோடு வரிசை கட்டும். விழாவின் ஆரவாரத்தையே காண விரும்புபவர் வார நாளொன்றில் செல்லட்டும். மற்றவர்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தேர்வது நல்லது. ஓடையில் அல்லி பூத்திருக்கும், கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை கூரையில்லாப் படகில் போகவர இரண்டு மணி நேரம் உட்காருவது கடினம். அந்த மாதங்களில் குகை நிழலில் போகும் டிராங் ஆன் மேல்.

தியென் ட்ரூவிலிருந்து குகைக்கு நடப்பதா, ரோப் காரில் போவதா என்பது, பழனியில் படியா வின்ச்சா என்பதைப் போல, ஒவ்வொரு குடும்பத்திலும் எழும் கேள்வி. பல குழுக்கள் ரோப் காரில் ஏறி நடந்து இறங்குகின்றன. நான் தலைகீழாகப் பரிந்துரைப்பேன். வட வியட்நாமில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விடாமல் பெய்யும் பூந்தூறலில், தலைமுறை தலைமுறையாக மிதிபட்டு வழுவழுப்பான சுண்ணாம்புக்கற்கள் எண்ணெய் பூசியதைப்போல் வழுக்கும். அதில் ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து, முழங்காலுக்கும் கேடு. ஏறுவதற்கு நல்ல நடையுள்ளவருக்கு ஒரு மணி நேரம் போதும். நடந்து ஏறினால், வீண்பழியைக் கழுவும் தலமாக வணங்கப்படும் கியாய் ஓவான் கோயிலும் வழியில் கிடைக்கும். அதை ரோப் கார் தவறவிடுகிறது. ஆனால் ரோப் கார் இருந்தாலும், குகைக்குள் இறங்கி ஏறும் படிகளிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. படியே ஏற முடியாத முதியவர்களோடு செல்பவர்கள், பேட்டரி கார் ஓடும் பாய் டின்னைத் தேர்வதே பெற்றோருக்குச் செய்யும் நன்மை.

செலவில் பெரிய வேறுபாடு இல்லை. நறுமணக் கோயிலில் நுழைவு, படகு, ரோப் கார் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டணம் என்பதையும், மூன்று இடங்களிலும் படகோட்டிக்கு அன்பளிப்பு எதிர்பார்க்கப்படும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருந்தால் போதும். கைகளால் 8 கிலோமீட்டர் துடுப்புப் போடும் ஒருவருக்கு அதைத் தயங்காமல் கொடுக்கலாம். உணவில் கவனம் தேவை: புண்ணியத் தலம் என்பதால் அசைவம் இராது என்று சைவ உணவுக்காரர்கள் நம்பிவிடக் கூடாது, துறையிலும் கோயிலடியிலும் உள்ள உணவகங்களில் இறைச்சி தாராளமாகவே உண்டு. ‘சாய்’ என்று கேட்டால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். நொதித்த மீன்சாறு (ஃபிஷ் சாஸ்) வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போக்குவரத்தில் நின் பின்னுக்கே வசதி அதிகம்: ஹனோயிலிருந்து விரைவுச்சாலையும் ரயிலும் உள்ளன, இரண்டு மணி நேரம், சற்று மேலே என்ற அளவில் சென்றுவிடலாம். நறுமணக் கோயிலுக்கு ரயில் இல்லை. தூரம் குறைவாயினும் நகர நெரிசலைக் கடக்க ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்குப் புறப்பட்டால்தான் நடந்து ஏறிக் குகையைப் பார்த்து, உண்டு, மாலை 4 மணிக்குள் ஓடையைக் கடந்து திரும்ப முடியும். கொண்டுவந்துவிட்ட படகே நமக்காகக் காத்திருந்து திருப்பி அழைத்துச் செல்லும். எனவே படகின் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, திரும்பும் நேரத்தைப் படகோட்டியிடம் கடிகாரத்தைக் காட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

நறுமணக் கோயிலையும் நின் பின்னையும் ஒரே நாளில் அடக்க முயல்வது வீண். இரண்டு நாள் கிடைப்பவர்கள், முதல் நாள் நறுமணக் கோயிலை முடித்துக்கொண்டு, ஹனோய்க்குத் திரும்பாமல் வாடகைக் காரில் நேராகத் தாம் கோக் சென்று இரவு தங்கலாம். மறுநாள் பயணிப் பேருந்துகள் வந்து சேருமுன்பே, காலையிலேயே அங்கே படகேறிவிட முடியும்.