‘உங்க கலருக்கு எதுவும் எடுக்கும்’ என்பதை நம்பியவளின் கலர் அனாலிசிஸ் அனுபவம்

"உங்க கலருக்கு எது கட்டினாலும் எடுக்கும் மேடம்." புடவைக் கடையில் இதைக் கேட்டு மயங்கி நான் வாங்கியதில், ஒரு தடவை கட்டிவிட்டு பீரோவில் கிடப்பவை மட்டும் பதினோரு புடவைகள். தம்பி கல்யாணத்துக்குச் சந்தன நிறத்தில் பட்டு எடுத்தேன், கடை விளக்கில் ஜொலித்தது, ஆல்பம் வந்ததும் பார்த்தால் புடவை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. "அன்னைக்கு உனக்குக் காய்ச்சலா?" என்று அத்தை கேட்டார்.

சிவப்பாக இருப்பவளுக்கு இதெல்லாம் ஒரு கவலையா என்று தோன்றும், தோன்றட்டும். நமக்கு எந்த நிறம் பொருந்தும் என்று துணி போட்டுப் பார்த்துச் சொல்வதுதான் கலர் அனாலிசிஸ், சென்னையில் இப்போது அங்கங்கே முளைத்திருக்கும் அந்த இடங்களில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன். 4,500 ரூபாய், ஒன்றரை மணி நேரம். பாதி பிடித்தது, பாதி எரிச்சல், அதனால் இடத்தின் பெயரைப் போடவில்லை.

பிடித்ததை முதலில் சொல்கிறேன். முதல் நாள் முகத்துக்கு மஞ்சள் பூச வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள், அந்த ஒன்றிலேயே நம்ம ஊர் விவரம் தெரிந்தவர்கள் என்று தோன்றியது. போனதும் முகம் கழுவச் சொல்லி, ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, தலைமுடி தெரியாதபடி வெள்ளைத் துணியால் மூடி, கழுத்துக்குக் கீழே ஒவ்வொரு துணியாகப் போட்டு எடுத்தார்கள். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்றும் பார்த்தார்கள், எனக்கு ஜன்னல் பக்கம் ஒரு மாதிரியும் விளக்கடியில் வேறு மாதிரியும் தெரிந்தது, அதை நம்பி ஒரு முடிவுக்கும் வராதீர்கள். வெள்ளி, தங்கம் இரண்டு துணியையும் மாற்றி மாற்றிப் போட்டபோதுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. தங்கத்தில் என் முகம் மஞ்சளடித்துக் களைத்துத் தெரிந்தது, வெள்ளியில் தெளிந்தது. தோலுக்கு அடியில் ரோஸ் சாயல் இருப்பவர்களுக்கு இப்படித்தானாம். வெள்ளி ஜரிகை என்றாலே வேண்டாம் என்று தள்ளுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு இது புதுச் செய்தி.

அப்புறம் மாம்பழ மஞ்சள். துணியில் பட்ட வெளிச்சம் தாடையில் தெறித்து, கண்ணுக்கடியில் இருந்த கருவளையம் இரண்டு மடங்கானது. கிளிப்பச்சையில் கன்னத்துப் பருத் தழும்பெல்லாம் சிவந்து எழுந்து நின்றது. பச்சைக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பும் இன்னும் சிவப்பாகத்தான் தெரியும். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட செவ்ரோல் என்பவர், நூலின் நிறம் மங்கியிருக்கிறது என்று வந்த புகார்களை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கும் நூலில் இருக்கிறது என்று 1839லேயே எழுதிவிட்டார். நான்தான் கன்னத்துக்கு கிரீமாக வாங்கிக்கொண்டிருந்தேன்.

இனி எரிச்சல். கடைசியில் ஒரு அட்டையை நீட்டி நான் 'லைட் சம்மர்' என்றார்கள், பருவங்களின் பெயரில் ஆட்களை வகை பிரிக்கிறார்கள், என் வகைக்கு லாவெண்டர், பேபி பிங்க், பவுடர் ப்ளூ, எல்லாம் வெளிர் நிறம். சந்தனப் புடவையில் பட்ட அடி போதாதா? தலையில் கட்டிய துணியை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள் என்றேன். எடுத்ததும் கருகருவென்று முடி, புருவம், கண், அவற்றுக்கு நடுவில் அந்த பேபி பிங்க் சலவையில் சாயம் போன துணி மாதிரி இருந்தது. துணி போட்டுக் காட்டிய பெண்ணே ஒரு நிமிடம் பேசவில்லை. வெள்ளைத் தோலுக்கு வெளிர் நிறம் என்று வெளிநாட்டு அட்டைகள் சொல்வது பொன்னிற முடியையும் வெளிர் கண்ணையும் சேர்த்து நினைத்துக்கொண்டு. நம்மில் எவ்வளவு சிவப்பாக இருப்பவர்களுக்கும் முடி கறுப்பு, கண் கறுப்பு, முகத்திலேயே வெளிச்சமும் இருட்டும் இருக்கிறது, அதற்கு ஈடு கொடுக்க அழுத்தமான நிறம் வேண்டும். மறுபடி போட்டுப் பார்த்ததில் வாடாமல்லி, பாட்டில் பச்சை, மயில்கழுத்து, அரக்கு நான்கும் நன்றாக எடுத்தன. கண்ணாடியில் முதலில் முகம் தெரிகிறதா, துணி தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன், இந்த நான்கிலும் முகம்தான் தெரிந்தது.

மேக்கப் பகுதி சுமார். ஃபவுண்டேஷனைக் கையில் தடவிக் காட்டினார்கள், கை வேறு நிறம், முகம் வேறு நிறம், தாடை ஓரத்தில் தடவச் சொல்லி நானே கேட்க வேண்டியிருந்தது. சில ஃபவுண்டேஷன் அரை மணி நேரத்தில் ஒரு ஷேடு கறுத்துவிடும், உடனே வாங்கிவிடாமல் கடையைச் சுற்றிவிட்டு வந்து பாருங்கள். மேக் (MAC) கம்பெனி ஃபவுண்டேஷன் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம்: அவர்கள் ஷேடு பெயரில் என்.சி. என்றால் மஞ்சள் சாயல் தோலுக்கு, என்.டபிள்யூ. என்றால் ரோஸ் சாயலுக்கு. சி என்றால் கூல், அதாவது ரோஸ் சாயல் என்று நினைத்து நான் ஒரு பாட்டிலை வீணடித்திருக்கிறேன். லிப்ஸ்டிக்கில் நியூட் பக்கமே போகாதே என்றார்கள், அது சரி, உதடும் தோலும் ஒன்றாகி நோயாளிக் களை வந்துவிடுகிறது. பெர்ரி, அடர் ரோஸ், கொஞ்சம் நீலம் கலந்த சிவப்பு எல்லாம் பொருந்தின, ஆரஞ்சுச் சிவப்பு பொருந்தவில்லை.

கிளம்பும்போது "இன்னும் பிரைட்டா ஆக ஒரு ஃபேஷியல் பேக்கேஜ் இருக்கு மேடம்" என்றார்கள். முகமே தெரியாத அளவுக்கு வெளுத்துப்போகிறேன் என்றுதானே அம்மா நான் இங்கே வந்தேன்!

போகலாமா என்றால், கல்யாணத்துக்கு லட்சக்கணக்கில் புடவை எடுப்பவர்கள் போகலாம், தலையில் துணி இல்லாமலும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் வீட்டிலேயே காலை பத்து மணிக்கு, வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் கண்ணாடியை வைத்து, பீரோவில் உள்ள புடவைகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுப் பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். கடையிலும் அப்படித்தான், ஜரிகை மின்னுவதற்காகப் போட்ட மஞ்சள் விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வாருங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சந்தனப் புடவையை என்ன செய்வது என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ரவிக்கைதான், அரக்கில் தைத்துப் போடுங்கள் என்றாள். போன வாரம் வளைகாப்புக்கு அப்படியே கட்டிக்கொண்டு போனேன். அத்தை ஒன்றும் கேட்கவில்லை.