வாச்சீரியாவா, மௌஜியோஷியாவா?

ஒளிக்குப் பாசி எப்படித் திரும்புகிறது என்று செய்முறையில் காட்ட விரும்பும் மாணவர்கள் இந்த இரண்டு இழைப்பாசிகளுக்கும் இடையில்தான் தடுமாறுகிறார்கள்.

கிடைப்பது: வாச்சீரியா ஈர மண்ணில், பூந்தொட்டி விளிம்பில் பச்சைக் கம்பளிபோல் படர்ந்திருக்கும். மௌஜியோஷியா குளத்துநீரில் மிதக்கும் இழை. மற்ற இழைப்பாசிகளோடு கலந்திருப்பதால் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும்.

என்ன அசைகிறது: வாச்சீரியாவில் இழையே வளைகிறது. குறுக்குச் சுவரில்லாத அந்தக் குழாய் நுனியில் மட்டுமே வளர்கிறது. ஒரு பக்கம் நீல ஒளி பட்டால் வளரும் புள்ளி அப்பக்கம் நகர்ந்து, நுனி அங்கே புடைத்துத் திரும்புகிறது. ஒளி மிகக் கடுமையானால் எதிர்ப்பக்கம் விலகும். நீல ஒளி பட்ட இடத்தில் புதுக் கிளையும் முளைக்கும். அதற்குக் காரணமான ஆரியோகுரோம் என்ற புரதத்தை 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இப்பாசியில்தான் கண்டறிந்தார்கள். மௌஜியோஷியாவில் செல் வளைவதில்லை. உள்ளிருக்கும் ஒற்றைப் பசுங்கணிகத் தகடு மட்டும் புரளும்: மங்கிய ஒளிக்கு முகத்தையும், கடும் ஒளிக்கு விளிம்பையும் காட்டும்.

விளக்கு: முன்னதற்கு நீலம் கட்டாயம், சிவப்பு வீண். பின்னதன் தகடு மங்கிய ஒளிக்கு முகம் காட்டச் சிவப்பே போதும்.

நேரம்: தகடு அரை மணிக்குள் திரும்பிவிடும். இழை வளையச் சில மணி நேரம்.

ஓர் எச்சரிக்கை: நுண்ணோக்கியின் விளக்கைக் கூட்டிவைத்தால் மௌஜியோஷியாவின் தகடு மெல்லிய கோடாகச் சுருங்கித் தெரியும். பாசி செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

ஒரு பாடவேளைக்குள் காட்ட மௌஜியோஷியா. வளர்ச்சியையும் வளைவையும் சேர்த்து அளக்க வேண்டுமென்றால் வாச்சீரியாதான். என் ஓட்டும் அதற்கே.