பிரிட்டல் ஸ்டார்: கறுப்பும் பச்சையும்

பிரிட்டல் ஸ்டார் என்பது நட்சத்திர மீனுக்கு உறவான, நீண்டு நெளியும் கைகள் கொண்ட கடலுயிர். கடல்நீர்த் தொட்டிகளில் வளர்ப்போம். ஈப்போ கடை ஒன்றில் பச்சை பிரிட்டல் ஸ்டார் விலை இறங்கிவிட்டதாம். "தொட்டியைச் சுத்தமா வெச்சிருக்கும்னு சொல்றாங்க, வாங்கலாமா அண்ணே?" என்று எங்கள் சுங்கை சிப்புட் தம்பி ஒருவர் கேட்டார். வேண்டாம் தம்பி. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

என் தொட்டியில் நெடுநாளாக இருப்பது கறுப்பு, ஒஃபியோகோமா வகை. நீமோ மீன் ஜோடியோடும் கோபி என்ற சின்ன மீனோடும் இருக்கிறது, ஒரு செதிலைக்கூடத் தொட்டதில்லை. பகலில் கண்ணில் படாது. ஆனால் இறால் துண்டு ஒன்றை நீரில் விட்டால் போதும், கல்லிடுக்கிலிருந்து முதலில் ஒரு கை, அப்புறம் இன்னொன்று நெளிந்து வரும். அதற்குக் கண்ணே கிடையாது, வாசனை பிடித்தே வருகிறது. கையின் அடியில் உள்ள குழாய்க்கால்கள் இரையைக் கைமாற்றிக் கைமாற்றி நடுவிலுள்ள வாய்க்குக் கொண்டுபோகும். கழிவு வெளியேறுவதும் அதே வாய் வழிதான். வேலை முடிந்து களைத்து வரும் மாலைகளில் இதைப் பார்க்கவே நாற்காலி போட்டு உட்காருவேன்.

பச்சை அப்படியல்ல. கைகளை ஊன்றி உடலைத் தூக்கி, அடியில் குகை போல இடம் விட்டு நிற்கும். இரவில் ஒதுங்க இடம் தேடும் சின்ன மீன் உள்ளே நுழைந்தால், கைகள் முறுக்கி மூடிக்கொள்ளும். காலையில் மீன் இருக்காது, உடலும் கிடைக்காது. இதைத் தெரிந்தே "துப்புரவுக்காரன்" என்று விற்பவர்கள்மேல் எனக்கு அடங்காத கோபம். விலையை எழுதத் தெரிந்தவர்களுக்கு, மீனைத் தின்னும் என்று ஒரு வரி எழுதத் தெரியாதா?

சரி, கறுப்பையாவது வாங்கலாமா? இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. மத்தியானத்தில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டுகிறது. நீரைக் குளிரூட்டும் கருவியான சில்லர் வாங்க முடியாதவர்கள், சூடு தணிய நீர்மேல் காற்றாடியைத் திருப்பி வைக்கிறோம். நீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும், அடர்த்தி ஏறும். மீன் ஓரளவு தாங்கும். பிரிட்டல் ஸ்டார் தாங்காது. ஏறிவிட்டதே என்று ஒரு வாளி உப்பில்லாத நீரை ஒரேயடியாக ஊற்றினால் அதுவும் ஆபத்து, கைகளை உதிர்க்கத் தொடங்கும். ஆவியாகிக் குறைந்த அளவை, வடிகட்டிச் சுத்தமாக்கிய ஆர்ஓ நீரால்தான் நிரப்ப வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. உப்படர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 என்ற இடத்தை விட்டு நகரவிடக் கூடாது. உதிர்ந்த கை வளரும், ஆனால் மாதக்கணக்காகும்.

இன்னொன்று, மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்தைத் தொட்டியில் ஊற்றவே கூடாது, இது செத்துவிடும். மீனைத்தான் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

என்னுடையதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் தம்பி, காற்றாடியை மட்டும் நம்பியிருக்கும் உங்கள் தொட்டிக்கு இப்போதைக்குக் கறுப்பும் வேண்டாம். அந்தக் காசைச் சில்லருக்குச் சேர்த்து வையுங்கள்.