சென்னை சென்ட்ரல்: உள்ளே படியில்லை, வெளியே படிகள்

விஜயவாடாவில் அண்ணன் வீட்டில் சில மாதங்கள் தங்கிவிட்டு என் தாயார் கும்பகோணம் திரும்பும்போதெல்லாம், சென்ட்ரலில் அவரை இறக்கி எழும்பூர் வரை கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு. மூட்டுவலி உள்ள ஒருவரோடும் மூன்று பெட்டிகளோடும் பலமுறை நடந்த பிறகு, இந்த நிலையத்தை அதன் சிவப்புக் கட்டடத்தின் அழகைக் கொண்டு மதிப்பிடும் பழக்கம் எனக்குப் போய்விட்டது. வண்டியை விட்டு இறங்கியவர் அடுத்த வண்டியில் ஏறும்வரை எத்தனை படிகள் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதையே இப்போது பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் நிலையத்தின் உட்புறத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 1873-இல் திறக்கப்பட்ட இந்நிலையத்தில் தண்டவாளங்கள் வந்து முடிந்துவிடுவதால், எல்லா நடைமேடைகளும் முகப்பிலுள்ள ஒரே பெரிய கூடத்தில் வந்து சேர்கின்றன. எந்த நடைமேடையில் இறங்கினாலும் மேம்பாலம் ஏறாமல் சமதளத்திலேயே வாசலை அடையலாம். வண்டிகள் ஊடுருவிச் செல்லும் நிலையங்களில் முதியவர்களை வாட்டும் படிக்கட்டு இங்கே கிடையாது. அதற்கு ஈடாக நீண்ட நடை இருக்கிறது. 24 பெட்டிகள் கொண்ட வண்டி அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீள்வதாலும், வாசல் ஒரு முனையில் மட்டுமே இருப்பதாலும், வாசலுக்கு மறுமுனையிலுள்ள பெட்டிகளில் இடம் கிடைத்தவர்கள் புறப்படும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குள் வந்துவிடுவது நல்லது. நடக்க இயலாதவர்களுக்குப் பேட்டரி கார் உண்டு.

வாசலைத் தாண்டியதும் படிகள் தொடங்குகின்றன. புறநகர் மின்சார ரயில்கள் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை என்பது வெளியூர்க்காரர்களைப் பெரிதும் குழப்புகிறது. திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வண்டிகள் பக்கத்திலேயே உள்ள மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்புகின்றன. 1985-இல் தீக்கிரையான பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. தாம்பரம், செங்கல்பட்டு செல்பவர்களோ பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து எதிரிலுள்ள பூங்கா நிலையத்துக்குப் போக வேண்டும். மயிலாப்பூர், வேளச்சேரி பக்கம் செல்லும் பறக்கும் ரயிலுக்கு அருகிலேயே பூங்கா நகர் என்று இன்னொரு நிலையம். பூங்கா, பூங்கா நகர் என்று இவ்வளவு ஒத்த பெயர்களை அருகருகே வைத்திருப்பது புதியவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். சென்ட்ரல் கூடத்திலேயே, எந்த ஊருக்கு எந்த நிலையம் என்று பெரிய எழுத்தில் ஒரே பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

இந்தச் சிக்கலைப் பெருமளவு அவிழ்த்தது மெட்ரோதான். 2018 மே மாதம் பச்சை வழித்தடமும், 2019 பிப்ரவரியில் நீல வழித்தடமும் சென்ட்ரலின் தரைக்கடியில் வந்து சேர்ந்தன. நீல வழித்தடத்தில் ஏறினால் மாறாமல் விமான நிலையம். பச்சை வழித்தடத்தில் கோயம்பேடு. எழும்பூர் பச்சை வழித்தடத்தில் அடுத்த நிறுத்தமே. பூங்கா நிலையத்திலிருந்து மின்சார ரயிலிலும் எழும்பூர் அடுத்த நிறுத்தம்தான், கட்டணமும் குறைவு. ஆயினும் லிஃப்டும் நகரும் படிக்கட்டும் இருப்பதால் தாயாரை மெட்ரோவிலேயே அழைத்துச் செல்கிறேன். முதன்முறை அப்படிச் சென்றபோது, கைப்பிடியைப் பற்றி நின்றவர், "இவ்வளவுதானா?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. நுழைவாயிலில் பெட்டிகளைச் சோதனை இயந்திரத்தில் வைத்து எடுக்கவும், தரைக்கடியில் நடக்கவும் நேரம் பிடிக்கும் என்பதால், இரண்டு வண்டிகளுக்கிடையே இரண்டு மணி நேரமாவது விட்டு முன்பதிவு செய்வது என் வழக்கம்.

பேருந்து இணைப்பு அவ்வளவு நிறைவு தரவில்லை. மாநகரப் பேருந்துகளுக்குக் குறைவில்லை. ஆனால் தென்மாவட்டப் பேருந்துகள், 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்துக்கு மாறிய பிறகு, சென்ட்ரலில் இறங்கித் தெற்கே பேருந்தில் செல்ல நினைப்பவர் முதலில் வண்டலூர் அருகிலுள்ள அந்த முனையம் வரை போய், அங்கிருந்துதான் ஊர்ப் பேருந்து பிடிக்க வேண்டும். மூன்று பெட்டிகளோடு இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எழும்பூரிலோ தாம்பரத்திலோ ரயில் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

முன்பதிவு செய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 2019 முதல் இந்நிலையத்தின் பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம். பயணச்சீட்டில் எம்ஜிஆர் சென்னை சென்ட்ரல் என்று சுருக்கமாக வரும். அதன் குறியீடு எம்.ஏ.எஸ்., எழும்பூருடையது எம்.எஸ். ஓர் எழுத்துதான் வேறுபாடு. அவசரத்தில் மாற்றிப் படித்துவிட்டால் வேறு நிலையத்தில் போய் நிற்க நேரும்.